பஸ் திரும்ப இடம் கேட்கிறார்கள்

என் அருமைத் தம்பி ஏகாம்பரத்துக்கு,

தெருமுனைப் பூந்தோட்டத்து வீட்டிலிருந்து அக்கா எழுதுகிறேன். நீ சௌக்கியமா என்று கேட்க எனக்கு வழியில்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாய். நான் சௌக்கியமாக இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். நம் தெருக்காரர்கள் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது.

நான் பேச ஆரம்பித்தால், "அக்கா, முந்தி நெய்ஞ்சது போதும், உடலுக்கு வா" என்று தறியில் உட்கார்ந்தபடியே புடவைக் கணக்கில் கிண்டல் பண்ணுவாயே. இன்றைக்கு நேராகவே வருகிறேன். நீ அலைந்து அலைந்து கேட்ட பஸ் நம் தெருவுக்கு வந்துவிட்டது. நீ போய் ஒரு வருஷம் கழித்து வந்தது. வந்த பஸ்ஸுக்குத் திரும்ப இடம் வேண்டுமாம். அதற்கு என் பூந்தோட்டத்தைக் கேட்கிறார்கள். நீ வேலி கட்டிக் கொடுத்தாயே, அதே பூந்தோட்டம்.

இரண்டு தடவை முடியாது என்று சொல்லி அனுப்பினேன். நாளைக்கு மறுபடியும் வருகிறார்களாம். எல்லாம் உன்னால்தான். கோபப்படாதே, கோபப்பட வேண்டியவள் நான்.

நீ இப்போது தெருவுக்குள் வந்தால் வழி தெரியாமல் நிற்பாய். மண்ணாக இருந்த தெருவுக்குத் தார் போட்டுவிட்டார்கள். வெயில் நேரத்தில் வெறும் காலோடு நடக்க முடியவில்லை, கோயிலுக்குப் போகிற நான் ஓரமாக நிழல் பார்த்துத் தாவித் தாவிப் போகிறேன். பொதுக் கிணற்றின் மேல் பலகை போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் அடி பம்பு வைத்திருக்கிறார்கள். அதை அடிக்கிற சத்தத்தில் நான் சொல்கிற ஸ்லோகம் என் காதுக்கே கேட்பதில்லை. நாவிதர் உட்காரும் புங்க மரத்தைக் கரண்டு கம்பிக்காக வெட்டினார்கள். அவர் இப்போது சைக்கிள் கடைச் சந்தில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த மரத்தை வைத்துத்தானே வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்வோம். இப்போது "பஸ் நிக்கற எடத்துலேர்ந்து" என்று ஆரம்பிக்கிறார்கள். பஸ் வருவதற்கு முன்னால் இந்தத் தெருவே இல்லாதது மாதிரி.

பஸ் வந்த அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பெண்களெல்லாம் சேர்ந்து அதற்கு ஆரத்தி எடுத்தார்கள். நான் தள்ளித்தான் நின்றேன், நல்ல காரியத்தில் என்னை யார் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். ஆனால் அந்த மாலை என் தோட்டத்து மாலை. அரளியும் நந்தியாவட்டையும் நானே கட்டியது. "ஏகாம்பரம் இருந்து பாக்கலையே" என்று கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உன் கூட்டாளி, உனக்கப்புறம் தெருக் காரியங்களுக்கெல்லாம் அவன்தான் முன்னால் நிற்கிறான். உன் பெண் சுந்தரி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அத்தே, வர்றியா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டாள். நானும் ஏறினேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு வரும். அடுத்த வாரமே முதல் பாவு தெருவில் ஏறியது.

நீ அதை எப்படி மறந்தாய் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. தறியில் ஏற்றப் போகிற பட்டு நூலை, அந்தப் பாவை, விடிவதற்கு முன் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, நடுவில் கழி கொடுத்து, கஞ்சி போட்டு, ஆம்பளைகள் நார்க் குச்சத்தால் தடவிக்கொண்டே போவதும், பொம்பளைகள் பின்னாலேயே அறுந்த இழையைத் தேடி முடிப்பதும் நீ பிறந்ததிலிருந்து பார்த்தது. நீயே செய்தது. கஞ்சி போட்ட பாவை நடுவில் நிறுத்த முடியாது என்பதும் உனக்குத் தெரியும். ஈரத்தோடு சுருட்டினால் இழையெல்லாம் ஒட்டிக் கயிறாகிவிடும். வெயில் ஏறிய பிறகு போடலாம் என்றால் பட்டு முறுகி அறுந்து போகும். விடியற்காலம்தான் பாவுக்கு நேரம். பஸ்ஸுக்கும் அதே விடியற்காலம்தான்.

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. தெருவே சேர்ந்துதான் பஸ் கேட்டது. ஒருத்தர் வாயிலிருந்தாவது "பாவை எங்கே போடுறது" என்று வந்ததா? வரவில்லை. ஆபீசரை நீ கூட்டிக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வேலியோரம் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டி நீட்டிக் காட்டினாய். "பாருங்க சார், சுத்துவட்டாரத்துல இப்படி ஒரு தெரு கெடைக்குமா? ரெண்டு வண்டி எதிரும் புதிருமா போலாம். நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்குது." அவரும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பக்கத்துத் தெருக்களெல்லாம் கோணல், குறுகல். நம் தெருவுக்குத்தான் பஸ் என்று முடிவானது.

நம் தெரு ஏன் அத்தனை அகலம், ஏன் அத்தனை நேர்? பாவுக்காக விட்ட இடம் தம்பி அது. வீடு கட்டும்போது ஒரு படிக்கல்லைக்கூட வெளியே நீட்டாமல், நம் தாத்தா காலத்துக்கும் முன்னால் இருந்தவர்கள் பார்த்துப் பார்த்து விட்டு வைத்த இடம். அதைக் காட்டியே பஸ்ஸைக் கேட்டிருக்கிறோம். நாள் முழுக்க இழை எண்ணுகிற ஜனங்கள், இந்த ஒரு கணக்கை விட்டுவிட்டோம். இதைப் போய் வெளியில் யாரிடம் சொல்வது, சிரிப்பார்கள்.

முதலில் டிரைவர் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் விடுவார்களா? மாகறலிலிருந்து கத்திரிக்காய்க் கூடையோடு ஒரு பெரியவர் வருவார். ஒரு நாள் கீழே இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது, ரோட்ல பொடவைய காயப் போட்டுக்கினு இருக்கீங்க?"

"பொடவை இல்ல பெரியவரே, இனிமேதான் பொடவை ஆவணும். இது பாவு" என்று வள்ளி சொன்னாள். உன் பெண்டாட்டியைத்தான் உனக்குத் தெரியுமே, யாரிடமும் குரல் உயர்த்த மாட்டாள்.

"எதுவா இருந்தா எனுக்கு இன்னா. நீங்க இத்த நெய்ஞ்சு, கட்டி, கிழிக்கறதுக்குள்ள என் கத்திரிக்கா வத்தலாப் பூடும்."

பஸ்ஸே சிரித்தது. வள்ளியும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆடி போய் ஆவணி வந்ததும் முகூர்த்தப் புடவை வேலை மும்முரமாகிவிட்டது. ஒரு வீட்டுப் பாவு எடுத்தால் அடுத்த வீட்டுப் பாவு. டிரைவருக்கும் மேலிடத்தில் திட்டு விழுந்திருக்கும் போல. புதுசாக ஒருத்தர் வந்தார். அவர் நிற்கிற ஆள் இல்லை. வந்த அன்றைக்கே ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வள்ளி வீட்டுப் பாவு. அரக்குக் கலர். கஞ்சி போட்டுப் பாதிகூடக் காயவில்லை.

"எடுங்கம்மா, எடுங்க. எனுக்கு டயம் ஆவுது."

"ஒரு அரை மணி பொறுப்பா. ஈரம் காயட்டும்" என்று கன்னியப்பன் கெஞ்சினான்.

"அரை மணி நின்னா என் வேலை பூடும். நீ குடுக்கறியா வேலை? தூக்குய்யா."

அந்த பஸ்ஸில்தான் சுந்தரி போக வேண்டும். டீச்சர் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரீட்சை அன்றைக்கு. ஊருக்குள் போய் இன்னொரு பஸ் மாற வேண்டும், முதல் பஸ்ஸை விட்டால் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேருவாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நிற்கிறாள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் ஹாரன். வள்ளிதான் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சுருட்டுங்க அண்ணே" என்றாள்.

ஈரத்தோடு சுருட்டினார்கள். பஸ் போனது, சுந்தரி போனாள். வள்ளி அன்று முழுவதும் அந்தப் பாவை மடியில் போட்டுக்கொண்டு, ஒட்டிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிகிற மாதிரி பிரிந்து அறுந்து போகும். நானும் கூட உட்கார்ந்து பிரித்தேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அதற்கப்புறம் தெரு இரண்டாகிப் போனது. தறிக்காரர்கள் எல்லாம் பஸ்ஸே வேண்டாம் என்கிறார்கள். பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் பஸ் வேண்டும் என்கிறார்கள். நம் வீடு மாதிரி இரண்டும் இருக்கிற வீட்டுக்காரர்கள் எந்தப் பக்கம் உட்காருவது? கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். ஒருத்தன் என்னை வைத்துக்கொண்டே, "ஏகாம்பரம் இழுத்து உட்ட வெனை, நாம அனுபவிக்கறோம்" என்றான். யார் என்று நான் எழுதவில்லை. உன் கையால் எத்தனை நாள் டீ வாங்கிக் குடித்தவன். "என் தம்பி உனுக்கு மட்டுமாடா கேட்டான், நீயுந்தானே கூடப் போனே" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். ஆனாலும் அவன் சொன்னது நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது. உன்னை நான் திட்டலாம், அவன் யார் திட்ட?

கடைசியில் பஸ் ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்தார். அவர் பேச்சில் குழப்பமே இல்லை. காலையில் தெருவைக் காலியாக வைத்தால் வண்டி உள்ளே வரும். இல்லையென்றால் தெருமுனையில் திரும்ப இடம் கொடுங்கள், முதல் பஸ் முனையோடு ஆளை ஏற்றிக்கொண்டு வந்த வழியே போய்விடும், பாவு போட்ட இடத்துப் பக்கமே வராது. இரண்டும் முடியாதென்றால் மெயின் ரோட்டில்தான் நிற்கும்.

மெயின் ரோட்டுக்கு எப்படிப் போவது? இருட்டு பிரிவதற்கு முன் ஏரிக்கரையோடு நடக்க வேண்டும். ஆம்பளைப் பிள்ளைகள் போவார்கள். சுந்தரியை யார் அனுப்புவது? அவள் படிப்பு அதோடு நின்றது என்று அர்த்தம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லோரும் திரும்பி என் வேலியைப் பார்த்தார்கள். தெருமுனையில் வேறு எங்கே இடம் இருக்கிறது? ஒரு பக்கம் பம்பு, ஒரு பக்கம் வாய்க்கால். நடுவில் என் தோட்டம்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது தம்பி. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, நான் மொட்டையாக அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து மூலையில் சுருண்டு கிடந்தபோது, தாமல் வரைக்கும் போய் நந்தியாவட்டைப் பதியன் கொண்டு வந்தாய். "எழுந்து வந்து தண்ணி ஊத்துக்கா, நான் தறிக்குப் போவணும்" என்றாய். வேறு ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. தலையில் வைக்க முடியாத பூவைச் சாமிக்காவது வைக்கட்டும் என்று நீ நினைத்தது எனக்குப் புரியாமல் இல்லை. அன்றிலிருந்து முருகனுக்குக் காலை மாலை என் தோட்டத்துப் பூதான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட வள்ளியை அனுப்பிப் பறித்துக் கட்டியிருக்கிறேன். அதைப் போய் வேலியைப் பிரி, வண்டி திரும்பட்டும் என்றால்?

கன்னியப்பன்தான் முதலில் வந்தான்.

"தனக்கா, கோச்சுக்காத. ஊர் நல்லதுக்குத்தானே."

"ஊர் நல்லதுக்கு உன் வீட்டு வாசலைக் குடேன்டா."

"என் வாசல்ல பஸ்ஸு எப்படிக்கா திரும்பும், ஆடு திரும்பறதே கஷ்டம்."

"அப்ப என் செடியெல்லாம் என்னடா ஆவறது?"

"தொட்டியில வெச்சுக்கோ. வீட்டுக்கு ஒரு செடி நாங்க வளத்துத் தர்றோம். முறை போட்டுக்கினு பூ குடுக்கறோம். இன்னாய்யா, குடுப்பீங்கதானே?"

கூட வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினவர்களில் பாதிப் பேர் வீட்டுத் துளசியே வாடிக் கிடக்கிறது. போங்கடா என்று அனுப்பிவிட்டேன்.

சரி, சாமி காரியம், குருக்கள் நம் பக்கம் பேசுவார் என்று நம்பிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, "பகவானுக்குப் பூவா குறைச்சல் தனம்மா? கடைத்தெருவுல உதிரிப் பூ வாங்கிண்டா போறது" என்றார். "நானும் சொல்லப்படாது, அந்த பஸ் வந்ததுலேர்ந்து ஐயம்பேட்டைல பொண்ணாத்துக்குப் போயிட்டு வர எவ்வளவு சௌகரியமா இருக்கு தெரியுமோ" என்றார். இத்தனை வருஷமாக நான் கட்டிக் கொடுத்த மாலையை அவர் கையில்தானே கொடுத்தேன்? சாமியைப் பார்த்தேன். அது நேற்றைக்குக் கட்டிய என் மாலையைப் போட்டுக்கொண்டு பேசாமல் நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பிரதட்சிணம்கூடப் பண்ணாமல் வந்துவிட்டேன். அப்படி நான் வந்ததே இல்லை.

இன்னொரு கூத்தைக் கேள். கண்டக்டர் நம் தெருமுனை வந்ததும் "பூந்தோட்டம், பூந்தோட்டம் எறங்கு" என்றுதான் கத்துகிறான். தோட்டத்தை அழித்த பிறகும் அப்படியேதான் கத்துவானாம். கேட்டேன். "பேர் வெச்சது வெச்சதுதாம்மா, அதுக்கு இன்னாத்துக்குப் பூ" என்கிறான்.

இரண்டாவது தடவை வந்தபோதும் முடியாது என்றுதான் சொன்னேன். வள்ளி ஒரு நாளும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளோடும் சண்டை போட்டிருப்பேன். இன்றைக்கு மத்தியானம் நானாகத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். போனால், தறிக்குப் பக்கத்தில் கரைக்கு இழை ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சுந்தரி உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் இருக்கிற நாள்.

"ஏன்டி போவலை?"

"போதும் அத்தே. அம்மாவுக்கும் கரை கோக்க ஆள் வேணும்."

"நான் கேட்டது அது இல்ல. ஏன் போவலை?"

அவள் நாடாவைத் தள்ளினாள், வள்ளி வாங்கித் திருப்பித் தள்ளினாள். அப்புறம் சொன்னாள். "உன் தோட்டத்தை எடுத்துத்தான் நான் படிக்கணுமா அத்தே? அது சாமிது. எனுக்கு வேணாம், உடு."

வள்ளி தறியின் மிதியை மாற்றி மிதித்தாள், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் சொன்னது அவளுக்கு இப்படி? நானா? நான் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் முடியாது முடியாது என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேனே, அவள் காதில் விழாமலா இருக்கும்? அந்தப் பெண் பெரியவளாகி உட்கார்ந்த அன்றைக்கு, "இவளை நடக்கவெச்சுப் படிக்க அனுப்ப மாட்டேன், பஸ்ஸு கொண்டாந்தே தீருவேன்" என்று நீ என்னிடம்தான் சொன்னாய். பதியன் கொண்டு வந்ததும் நீ, பஸ் கொண்டு வந்ததும் நீ. இரண்டையும் ஒரே முனையில் கொண்டு வந்து விட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இதில் எதை வைத்துக்கொள், எதை விடு என்று யாரிடம் நான் கேட்பது? நீ இருந்தால் இரண்டு பேரும் வாசலில் நின்று தெரு பார்க்கச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போற" என்றேன்.

"பஸ்ஸு?"

"வரும்."

"எங்க வரும் அத்தே?"

நான் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். வள்ளி தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தாள். வந்து, என் கையைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். "நானும் வரேன் அண்ணி, வேரோட எடுத்தாத்தான் தொட்டியில புடிக்கும்" என்றாள். உனக்கு வாய்த்தவளைப் பார்.

சாயங்காலம் வரைக்கும் தோண்டினோம். அரளி சுலபமாக வந்துவிட்டது. நந்தியாவட்டை வரவில்லை. இத்தனை வருஷத்து வேர், நீ வைத்த இடத்தைவிட்டு வாய்க்கால் வரைக்கும் போயிருக்கிறது. கன்னியப்பன் ஓடி வந்தான், "அக்கா, நீ ஏன் கஷ்டப்படற, நாங்க வெட்டிடறோம்" என்று. "வெட்டறதா? தள்ளுடா அப்பால" என்று விரட்டினேன். முடிகிற வரைக்கும் தோண்டி, மிச்சத்தை நானேதான் வெட்டினேன். தொட்டியில் வைத்திருக்கிறேன். பிழைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறுதலுக்காகப் பொய் எழுத மாட்டேன்.

எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை ஏகாம்பரம். தெரு மேல், அந்த டிரைவர் மேல், குருக்கள் மேல், உன் மேல். தீர்ந்துவிட்டது என்று யாராவது உன்னிடம் வந்து சொன்னால் நம்பாதே. நாளைக்கு வேலியைப் பிரிக்க வருகிறவர்களிடம் ஒரு நல்ல வார்த்தை பேச மாட்டேன். காபி வேண்டுமானால் போட்டுத் தருகிறேன்.

ஆனால் உனக்கு ஒன்று சத்தியம் பண்ணுகிறேன். இனிமேல் முதல் பஸ் முனையில் திரும்புகிற நாளெல்லாம் நான் அங்கே நிற்பேன். உள்ளே வள்ளி வீட்டுப் பாவு நிம்மதியாகக் காயும். சுந்தரி ஏறி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கோயிலுக்குப் போவேன். வெறும் கையோடுதான் போவேன். ஏன் என்று முருகன் கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். நீ அங்கேதானே இருக்கிறாய், நீயே பதில் சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவைச் சுற்றிய அக்கா,
தனம்